நடுப்பாறைக்கு இரண்டு பரிவட்டம்

நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் கோடியில் நின்று ஒரு கல்லை வீசினால் அது வேறு மாகாணத்தில் போய் விழும். ஹட்டன் பக்கத்திலிருந்து திருவிழாவுக்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். உடனே ஒரு கல்லை எடுத்து வீசிக் காட்டுவோம். "இப்ப அது சப்ரகமுவையில கெடக்கு, போய் எடுத்துக்கிட்டு வா பார்ப்போம்" என்போம். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். மற்ற எல்லாவற்றிலும் அவர்கள்தான் எங்களைவிட உசத்தி. அவர்களுக்கு ரயில் உண்டு, டவுன் உண்டு, படம் ஓடுகிற கொட்டகைகூட உண்டு. எங்களுக்கு இருந்தது அந்த எல்லை ஒன்றுதான். அதை வைத்து முடிந்தமட்டும் பெருமையடித்துக்கொண்டோம்.

கினிகத்தேனையைத் தாண்டி மலை கீழே சரியத் தொடங்கும் இடத்தில் இருந்தது எங்கள் தோட்டம். தேயிலை முடிந்து கொஞ்சம் காடு, காட்டுக்குக் கீழே ஓயா என்கிற ஆறு. ஓயாவுக்கு இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் சப்ரகமுவ மாகாணம். மாகாணம் மாறினால் மாவட்டம் மாறும், மாவட்டம் மாறினால் அதை ஆளுகிற கச்சேரியும் மாறும். எங்கள் ஆட்கள் ஒன்றை மேட்டுக் கச்சேரி என்றும் மற்றதைப் பள்ளத்துக் கச்சேரி என்றும் சொல்வார்கள். இரண்டு காரியாலயங்களையும் நேரில் பார்த்தவர்கள் லயத்தில் ஒருவரும் கிடையாது. எங்களுக்கு அரசாங்கம் என்றால் தோட்டத்தை நடத்துகிற துரைதான். அவர் பங்களாவில் விளக்கு எரிந்தால் அரசாங்கம் விழித்திருக்கிறது, அணைந்தால் தூங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனாலும் கச்சேரிகளின் கை எங்கள் பக்கம் வரை நீண்டிருந்தது. இக்கரைக் கிராமத்துக்கு ஒரு ஆராச்சி, அக்கரைக் கிராமத்துக்கு ஒரு ஆராச்சி. ஆராச்சி என்றால் அரசாங்கம் வைத்த கிராமத் தலைவர். இக்கரை ஆராச்சி உயரமாய், ஒல்லியாய், மழையில்லாத நாளிலும் குடையோடு வருவார். அக்கரை ஆராச்சி குள்ளமாய், பருமனாய், வேர்த்துக் கொட்டினாலும் கோட்டைக் கழற்றமாட்டார். ஒருவர் தங்கையை மற்றவர் கட்டியிருந்தார். ஒரு பலாமரம் யாருடையது என்ற தகராறில் மச்சான்மார் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் வருஷக்கணக்காகிவிட்டது. அந்தப் பலாமரம்கூட எல்லையில்தான் நின்றதாம்.

எல்லை எது என்று காட்டுவதற்கு ஓயாவின் நடுவில் ஒரு பாறை இருந்தது. நடுப்பாறை என்போம். நாங்கள் குடியிருந்த காம்பராவைவிடப் பெரிது, மேலே தட்டையாக இருக்கும். அதன் உச்சியில் உளியால் செதுக்கிய மூன்று கோடுகள், அடியில் ஒன்றாகக் கூடியிருக்கும். நிலம் அளக்க வந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு மாகாணமும் சந்திக்கிற இடம் இது என்று போட்டுவிட்டுப் போன அடையாளம் அது. காடு வெட்டித் தேயிலை போட முதன்முதலில் வந்த எங்கள் ஆட்களுக்கு இதை யார் சொன்னார்கள்? அவர்கள் பார்த்தார்கள், சூலம் என்று முடிவு கட்டினார்கள். மனுஷ வாடையில்லாத காட்டில், ஆற்று நடுவில், பாறை மேல் சூலம் இருந்தால் அதை அம்மன்தானே போட்டிருக்கவேண்டும்? மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிப்பது நடுப்பாறையில்தான். செம்பில் ஆற்றுத் தண்ணீர் எடுத்து, வேப்பிலையும் பூவும் சுற்றி, அம்மனை அதில் இறங்கிவரச் சொல்லிக் கூப்பிடுவதைத்தான் கரகம் பாலிப்பது என்போம். அதற்கு முன்னால் சூலத்துக்குப் பால் ஊற்றுவார்கள். நில அளவைக்காரர்களுக்கு வருஷா வருஷம் பாலாபிஷேகம் செய்த ஊர் இலங்கையில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அக்கரைக்குப் போகிற பழைய பலகைப் பாலமும் நடுப்பாறையில்தான் கால் ஊன்றியிருந்தது. பாலத்தைக் கடந்தால் பஸ், பஸ்ஸில் ஏறினால் சீக்கிரத்தில் ஆஸ்பத்திரி. பாலம் இல்லையென்றால் தோட்டத்து ரோட்டில் மேலே ஏறி, தேயிலை ஸ்டோரைச் சுற்றி, பக்கத்துத் தோட்டம் வழியாகப் பெரிய ரோட்டுக்குப் போகவேண்டும். வெறுங்கையோடு நடக்கிற ஆளுக்கே அரைநாள் ஓடிவிடும்.

முந்தின வருஷம் ஆனி மாதத்து மழையில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆடியில் அம்மாவுக்கு வலி எடுத்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த ஐயா கையை விரித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார். ஓயா இரண்டு கரையும் முட்டிப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். பக்கத்துத் தோட்டத்துக்குள் நுழைந்த இடத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவில், எனக்கு ஒரு தங்கச்சி பிறந்தாள். அவள் அழவேயில்லை. அவளை அங்கேயே ஒரு பக்கமாகப் புதைத்துவிட்டு அம்மாவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு அம்மா ஓயாப் பக்கம் துணி துவைக்கக்கூடப் போகமாட்டாள். எப்போதுமே மெதுவாகப் பேசுகிறவள், இன்னும் மெதுவாகப் பேசத் தொடங்கினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்க நாங்கள் அவள் வாயருகே காதைக் கொண்டுபோகவேண்டியிருந்தது. தை பிறந்தபோது அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். நாள் கணக்குப் பார்த்தால் அதே ஆடி மாதம்தான் வந்தது. வீட்டில் யாரும் அந்த மாதத்தின் பெயரைச் சொல்வதில்லை.

அப்பா பாலத்துக்காக அலைய ஆரம்பித்தார். துரையிடம் போனார். தோட்டத்து எல்லை ஓயாவுக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, என்னால் ஒரு பலகைகூடப் போடமுடியாது என்றார் துரை. இக்கரை ஆராச்சியிடம் போனார். பாலம் நின்றது நடுப்பாறையில், நடுப்பாறை அக்கரைக்குச் சேர்ந்தது, அங்கே போய்க் கேள் என்றார் அவர். அக்கரை ஆராச்சியோ, தன் மாகாணமே பாறையைத் தாண்டித்தான் ஆரம்பமாகிறது என்று கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டே சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். யாருக்கும் வேண்டாத அந்தப் பாறை மஞ்சளும் குங்குமமுமாக நடு ஆற்றில் சும்மா உட்கார்ந்திருந்தது.

அப்பா இதையெல்லாம் சொல்லி அலுத்துக்கொண்ட அன்று அத்தை எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து தேயிலைச் சாயம் குடித்துக்கொண்டிருந்தாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. அடுத்த காம்பராவில் இருந்தாள். கொழுந்து எடுப்பதில் அவள் கை வேகம், வாய் அதைவிட வேகம். அவள் புருஷன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, கோயில் தலைவர். பெயருக்குத்தான் அவர் தலைவர். கோயில் கூட்டத்தில் அவர் பேசுவதெல்லாம் அத்தை வீட்டில் பேசி முடித்ததாகத்தான் இருக்கும்.

"ரெண்டு பேருமே பாறை வேணாம்ங்கிறானுங்களா?" என்றாள் அத்தை.

"ஆமாக்கா. நாய் சீண்டாத பண்டமாட்டம் தள்ளி விடுறானுங்க."

"அப்ப வேணும்னு சொல்ல வைக்கணும். திருவிழாவுல மொத மரியாதை இந்த வருஷம் யாருக்கு?"

அப்பாவுக்குப் புரியவில்லை. மாமாவுக்கும் புரியவில்லை. அவர் அதைக் காட்டிக்கொள்ளாமல் தலையை ஆட்டினார்.

முதல் மரியாதை என்பது ஒரு மாலையும் ஒரு பரிவட்டமும்தான். பரிவட்டம் என்றால் அம்மனுக்குச் சாத்திய பட்டுத் துண்டு. கரகம் கிளம்புவதற்கு முன்னால் ஊருக்குப் பெரியவர் தலையில் அதைச் சுற்றிக் கட்டுவார்கள். அந்த ஒரு முழத் துணிக்காக அண்ணனும் தம்பியும் மண்டையை உடைத்துக்கொண்ட கதை எங்கள் ஆட்கள் மத்தியில் நிறைய உண்டு. வழக்கமாக அதைப் பெரிய கணக்கப்பிள்ளைக்குக் கட்டுவார்கள். அவர் அந்த வருஷம் இந்தியாவுக்குப் போயிருந்தார்.

"கரகம் பாலிக்கிற பூமி யாருதோ அவங்களுக்குத்தான் மொத மரியாதை" என்று அத்தை புதுச் சட்டம் போட்டாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். "ரெண்டு ஆராச்சி வீட்டுக்கும் வெத்தலை பாக்கு வச்சு அழைச்சிட்டு வாங்க. பொய் ஒன்னும் சொல்லிறாதீங்க, சாமி காரியம். பாறை யாருதுன்னு எங்களுக்குத் தெரியலீங்க, அதனால அடுத்த ஆராச்சி மாத்தயாவையும் கூப்பிட்டிருக்கோம்னு சொல்லுங்க. துரையோட தொரசாணியும் வர்றாங்க, போட்டோ புடிப்பாங்கன்னு அப்பிடியே காதுல போட்டுட்டு வாங்க."

வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் மாமாவோடு போனேன். இக்கரை ஆராச்சி முதலில் பெரிய கவனம் காட்டவில்லை. அக்கரை மாத்தயாவும் வருகிறார் என்று கேட்டதும் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே குடையை விரித்தார், மடக்கினார். "அந்த மனுசனுக்கு எதுக்கு மரியாதை?" என்றார். கோடைகாலம் என்பதால் கல் கல்லாகத் தாண்டி அக்கரைக்கும் போனோம். அங்கே ஆராச்சி தட்டிலிருந்த வெற்றிலையைத் தொடாமல், "தொரசாணி போட்டோ எடுக்குமா? நிச்சயமா எடுக்குமா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். திரும்பி வரும் வழியில் மாமா, தான் பெரிய மூளைக்காரன் என்று என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. தட்டில் மிஞ்சிய கற்கண்டு அவர் கையில் இருந்தது.

சித்திரையில் திருவிழா வந்தது. இரண்டு கரையிலும் கூட்டம். எங்கள் ஆட்கள் மட்டுமல்ல, இரண்டு கிராமத்துச் சிங்களவர்களும் பூத்தட்டோடு வந்திருந்தார்கள். எங்கள் அம்மனை அவர்கள் பத்தினித் தெய்வம் என்று கும்பிடுவார்கள். துரையும் தொரசாணியும் இக்கரையில் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு பாறை மேல் நின்றேன். அம்மா வெகுநாளைக்குப் பிறகு ஓயாப் பக்கம் வந்திருந்தாள். அத்தைதான் கையைப் பிடித்து இழுத்து வந்து, கரையில் பெண்களோடு நிறுத்தியிருந்தாள். ஆறு மாத வயிறு தெரிந்தது.

கரகம் ஜோடித்தாகிவிட்டது. தப்பு மேளம் ஓய்ந்தது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, கரகம் பாலிக்கிற பூமிக்குச் சொந்தக்காரருக்குத்தான் முதல் மரியாதை, பாறை யாருடைய எல்லையில் இருக்கிறது என்று பெரியவர்களே சொல்லவேண்டும் என்று கேட்டார்.

இக்கரை ஆராச்சி குடையை ஊன்றி முன்னால் வந்தார். "மேக்க அப்பே" என்றார். சிங்களத்தில், இது எங்களுடையது என்று அர்த்தம். அவர் கிராமத்து ஆட்கள் கைதட்டினார்கள்.

அக்கரை ஆராச்சி சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாறையில் ஏறினார். கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "நே நே, மேக்க அப்பே!" என்று அதட்டினார். அக்கரையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. இக்கரை விடுமா? மச்சான்மார் இருவரும் வருஷக்கணக்கான மௌனத்தைக் கலைத்து, அம்மனுக்கு முன்னால் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றார்கள். பலாமரம்கூட நடுவில் ஒருதரம் வந்து போனது. கடைசியில் துரை எழுந்து, தோட்டத்துத் தமிழில், நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா என்று இரண்டு பேரையும் கேட்டார். இருவரும் கரகத்துக்கு முன்னால் கையை நீட்டிச் சத்தியம் செய்தார்கள்.

மாமாவின் முகம் செத்துவிட்டது. அவர் கையில் இருந்தது ஒரே ஒரு பரிவட்டம். இதை யார் தலையில் கட்டினாலும் மற்றவர் ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். அந்த நேரத்தில் அத்தை பெண்கள் கூட்டத்திலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து இன்னொரு பட்டுத் துண்டை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தாள். அதே நிறம், அதே கரை. அப்படியே பாறையோரம் நின்றுகொண்டாள்.

இரண்டு ஆராச்சிகளுக்கும் பரிவட்டம் கட்டி மாலை போட்டார்கள். தப்பு முழங்கியது. தொரசாணி போட்டோ பிடித்தாள். குடைக்காரர் நிமிர்ந்து நின்றார், கோட்டுக்காரர் குதிகாலை உயர்த்திக்கொண்டார். அடுத்தபடி மாமா கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். ஆனால் மாமாவும் அந்தப் போட்டோவுக்குள் எப்படியோ நுழைந்திருந்தார். காமிராவைப் பார்த்த கண்ணை எடுக்கவில்லை. அத்தை இருமினாள். மாமா சிரித்தபடி நின்றார். அத்தை அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்தார். பூசாரி கரகத்தைத் தூக்கக் குனிந்தார். தூக்கிவிட்டால் ஊர்வலம் கிளம்பிவிடும், அதற்குப் பிறகு கேட்க ஆள் இருக்காது.

"அப்ப எங்க பாலம் யாருதுங்க?"

யார் குரல் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா. கரையின் விளிம்புக்கு வந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாறை ஒங்களுதுன்னு சாமி முன்னால சத்தியம் பண்ணிட்டீங்க. பாறை மேல நின்ன பாலமும் ஒங்களுதுதானே? அது இல்லாமத்தான் போன வருஷம் எம்புள்ள தேயிலைக்குள்ள செத்துச்சு. இந்த ஆடிக்கு நான் எப்பிடி ஆஸ்பத்திரிக்குப் போறது? ரெண்டு பேர்ல யாரு என்னயத் தூக்கிக்கிட்டுப் போறீங்க?"

தப்புக்காரர்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் யாரும் வாயில் எடுக்காத மாதத்தை அம்மா இரண்டு மாகாணத்துக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். என் கையிலிருந்த மஞ்சள் தண்ணீர் பாதி கீழே கொட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை.

தொரசாணி பக்கத்தில் நின்ற கிளாக்கரிடம் அம்மா சொன்னது என்னவென்று கேட்டாள். கேட்டுவிட்டு அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள், பிறகு துரையைப் பார்த்தாள். துரையின் முகம் சிவந்துவிட்டது. "ஆராச்சி, பாலம் யார் கட்டுறது?" என்று கத்தினார்.

தலையில் பரிவட்டத்தோடு, கழுத்தில் மாலையோடு, இரண்டு கிராமமும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மனுக்கு முன்னால் எவன் என்னுடையது அல்ல என்று சொல்வான்? குடைக்காரர், "நான் கட்டுறது" என்றார். கோட்டுக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. "அவர் கட்டமாட்டார், நான் கட்டுறது!" என்றார். "ரெண்டு பேரும் கட்டு" என்று துரை தீர்ப்புச் சொன்னார். தோட்டத்துப் பணம் இதில் ஒன்றும் போகப்போவதில்லை என்ற நிம்மதியில் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இரண்டு கச்சேரிகளின் தலைவர்களான ஏஜெண்டுமாரும் தனக்குக் கிளப்பில் பழக்கம்தான், ஆராச்சிமார் ஒப்புக்கொண்டதைத் தானே சொல்வதாக வாக்குக் கொடுத்தார். தோட்டத்துச் சவுக்கு மரங்களில் இரண்டை வெட்டிக்கொள்ளவும் அனுமதித்தார். எங்கள் ஆட்கள் போட்ட குலவையில் ஓயாச் சத்தம் அடங்கிப்போனது. அத்தை அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்பா அழுதுகொண்டே சிரித்தார். மாமா மட்டும், "இதத்தான் நானும் கேக்க வந்தேன்" என்று ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்த வேடிக்கையைச் சொன்னால் ஒருநாள் போதாது. அக்கரை ஆராச்சி எங்கிருந்தோ தண்டவாள இரும்பு கொண்டுவந்து இறக்கினார். அதைக் கேள்விப்பட்ட இக்கரை ஆராச்சி, முதிர்ந்த மரமாகப் பார்த்து அறுத்துக் கொண்டுவரச் செய்தார். ஒருவர் ஆள் வைத்தால் மற்றவர் அதைவிடக் கூடுதலாக ஆள் வைத்தார். ஆனால் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. அதனால் உயரத்தைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை. வைகாசி முடிவதற்குள் நடுப்பாறையின் மேல் இரும்புப் பாதியும் மரப் பாதியும் வந்து சந்தித்தபோது மரப் பாதி ஒரு சாண் உயரமாக இருந்தது. குறைக்கச் சொன்னால் இவர் கேட்கமாட்டார், கூட்டச் சொன்னால் அவர் கேட்கமாட்டார். நடுவில் ஒரு படி வைத்துச் சமாளித்தார்கள். மாகாணம் மாறும்போது படி இறங்கவேண்டிய பாலம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? ஹட்டன் பிள்ளைகளிடம் சொல்ல எங்களுக்கு இன்னொன்று கிடைத்தது.

இரண்டு திறப்பு விழாக்கள் நடந்தன. இரண்டிலும் "அப்பே பாலம" என்றுதான் பேசினார்கள். எங்கள் பாலம், எங்கள் பாலம். இரண்டுக்கும் அத்தையைக் கூப்பிடவில்லை. அவள் தன்பாட்டில் போய் முதல் வரிசையில் நின்றுகொண்டாள்.

ஆடி மாதத்தில் ஓயா சொல்லிவைத்தது போலப் பொங்கி வந்தது. அம்மாவுக்கு வலி எடுத்தது ஒரு பகல் வேளை. நல்ல மழை. அப்பாவும் மாமாவும் நாற்காலியில் வைத்து அவளைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினார்கள். அத்தை குடை பிடித்தாள். நான் பின்னால் ஓடினேன். நடுப்பாறைக்கு மேலே வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னாள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் மூழ்கிக்கிடந்த சூலத்தின் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு படி இறங்கினோம். அன்று சாயங்காலமே அக்கரை ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். பிறந்த உடனே லயத்துக்கே கேட்கும்படி அழுதான் என்பாள் அத்தை. அவனைச் சப்ரகமுவக்காரன் என்று கேலி செய்வோம்.

அம்மாவின் குரல் அதற்குப் பிறகு திரும்பி வந்துவிட்டது. நான் செய்த சேட்டைகளுக்கு அந்தக் குரலில் வாங்கிக் கட்டிக்கொண்டபோதுகூட எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

தம்பி தவழத் தொடங்கியிருந்த சமயத்தில் எலக்‌ஷன் வந்தது. வோட்டுப் போடுகிற அன்று விடிந்ததிலிருந்து பாலத்தில் ஒரே கூட்டம். இக்கரைக் கிராமத்து ஆட்கள் பாலத்தைக் கடந்து, பஸ் ஏறிக் கினிகத்தேனைக்குப் போனார்கள். அக்கரை ஆட்கள் அதே இடத்தில் வேறு பஸ் பிடித்துக் கீழே போனார்கள். எல்லோரும் வெள்ளை உடுப்பில் இருந்தார்கள். இரண்டு ஆராச்சிகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று, "அப்பே மினிஸ்ஸு, என்ட என்ட" என்று கூப்பிட்டு ஏற்றிவிட்டார்கள். எங்கள் ஜனங்களே, வாருங்கள் என்று அர்த்தம்.

நான் நடுவிலிருந்த படியில் நின்றுகொண்டு வயதானவர்களுக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டேன். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இத்தனை பேரும் போவது எங்கள் அம்மா கேட்டு வாங்கிய பாலத்தில் அல்லவா? இக்கரை ஆராச்சி குடைக் காம்பால் என் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டு, வழியை விட்டு ஒதுங்கி நிற்கச் சொன்னார். ஒதுங்கி நின்றேன். மேலே தோட்டத்தில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுக் கொம்பு ஊதியது. அன்றும் எங்கள் ஆட்களுக்கு வழக்கம்போல் வேலை இருந்தது. இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று சட்டம் போட்டு எங்கள் ஆட்களின் வோட்டைப் பறித்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.

கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அத்தை பாலத்தடிக்கு வந்தாள். கூட்டத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"அத்தே, நாம எப்ப வோட்டுப் போடப் போறோம்? நாம எந்தப் பக்கம், மேட்டுக்கா பள்ளத்துக்கா?" என்று கத்திக் கேட்டேன்.

எதைக் கேட்டாலும் பதிலைத் தயாராக வைத்திருப்பவள் அத்தை. அன்று கூடைக் கயிற்றை நெற்றியில் சரியாக இழுத்து விட்டுக்கொண்டு, திரும்பி மலையில் ஏறிவிட்டாள். ஓயா இரைச்சலில் நான் கேட்டது அவள் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, அடுத்து வந்த கிழவிக்குக் கை கொடுக்கப் போய்விட்டேன். அது கோடைகாலம், ஓயாவில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை.